வேர் பார்க்கிறவன்

கந்தப்பளை
5 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பி ராஜநாயகத்துக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன் வீட்டில் தங்கட்டும். நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. சர்க்கரை அடக்கமாக இருக்கிறது. உன் சுகத்தையும் பிரசாந்தியின் சுகத்தையும் கட்டாரில் இருக்கும் உன் மகன் ஜெராட்டின் சுகத்தையும் அறிய ஆவல்.

தவக்காலத்தில் எங்கள் மடத்துக்குள் கடிதம் வராது, வெளியேயும் போகாது. வந்ததெல்லாம் ஒரு பையில் கிடக்கும். உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் மதர் அந்தப் பையை அவிழ்ப்பார். வெளியே போகாத கன்னியாஸ்திரியாக நான் இந்தக் கதவுக்குள் வந்த காலத்திலிருந்து அந்தப் பையில் உன் கடிதம் இல்லாத வருடமே கிடையாது. இந்த முறை நானே பையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். இல்லை.

விபூதிப் புதனுக்கு முன் எழுதிய கடிதத்தில் கொஞ்சம் காரமாகத்தான் எழுதிவிட்டேன். ஆனால் நீயே யோசித்துப் பார். உங்கள் ரிவர்ஸ்டன் மலைக் காற்றுக்கு நெட்டை வகை முறிந்துபோகும், முழங்காலைத் தாண்டாமல் நீலமாகப் பூக்கிற குட்டை அகபாந்தஸ்தான் தாங்கும் என்று எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று வருடமாகக் கிழங்கு அனுப்புகிறேன். இங்கே அது பாட்டுக்குப் பூக்கிறது. அதற்கு வெயில் வேண்டும், அளவாகத் தண்ணீர் வேண்டும், அதற்குப் பிறகு நம் கை அதன் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். தொட்டிக்குள் வேர் நெருக்கியடித்தால்தான் அது பூக்கவே நினைக்கும். நீயோ மாதத்துக்கு ஒருமுறை பிடுங்கி வேர் பார்க்கிறாய். தேயிலை பெக்டரியில் டீமேக்கராக இருந்தபோது, வாட்டு மாடியில் வாடப்போட்ட கொழுந்தை அள்ளிப் பிசைந்து பார்த்த கை, வேலையை விட்டு வந்த பிறகும் சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் "செடியைக் கொல்கிறவனே, இனி உனக்கு ஒரு கிழங்கும் கிடையாது" என்று எழுதினேன்.

அதற்கா இந்த மௌனம்? சின்ன வயதில் உன் காதைத் திருகியிருக்கிறேன், அப்போதுகூட நீ என்னோடு பேசாமல் இருந்ததில்லை. இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஜெபத்தில் உன்னை மறவாத
அக்கா மரியாயி


ரிவர்ஸ்டன் வீதி, ரத்தோட்டை
29 ஏப்ரல் 2024

மதிப்புக்குரிய அண்ணிக்கு பிரசாந்தி எழுதுவது,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் நலம். உங்கள் முழங்காலுக்கு மதரிடம் சொல்லி நல்லெண்ணெய் கேட்டு வாங்குங்கள். நீங்களாகக் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இத்தனை வருடமும் அவர் எழுதும் கடிதத்தின் அடியில் "நானும் சுகம்" என்று ஒரு வரி போடுவதுதான் என் வேலை. இப்போது முழுக் காகிதத்தையும் என் தலையில் கட்டிவிட்டார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்காம்பராவில் தொழிலாளிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட எனக்குத் தாலாட்டு வரும், கடிதம் வராது.

அவர் உங்கள் மேல் கோபமாக இல்லை. பக்கத்து பெக்டரியில் புது டீமேக்கர் வந்திருக்கிறார். அவருக்கு வேலை பழக்கிவிட இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய்வந்தால் களைப்பு, சாப்பிட்டதும் படுக்கைதான். பேனாவை எடுக்க நேரமில்லை.

செடிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெயின்ட் வாளிகளில் நட்ட ஆறும் வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டுச் சுவரில் வரிசையாக இருக்கின்றன. அவரும் மாறவில்லை. போன கிழமைகூட ஒன்றைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப நட்டார். நீங்கள் இங்கிருந்து திட்டினாலும் அங்கிருந்து திட்டினாலும் அவர் அவர்தான்.

எனக்கு அந்தச் செடிமேல் ஒன்றும் பெரிய ஆசை இல்லை, அண்ணி. கறிக்கு ஆகாத ஒன்றுக்கு இவ்வளவு இடமா என்று நினைப்பேன். அந்தச் சுவரில் லீக்ஸ் போட்டிருக்கலாம்.

உங்கள் ஜெபத்தில் எங்களைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
பிரசாந்தி


கந்தப்பளை
11 ஜூன் 2024

பிரியமுள்ள பிரசாந்திக்கு,

சமாதானம் உண்டாகுக. நல்லெண்ணெய் கேட்டேன், கிடைத்தது. முழங்கால் உனக்கு நன்றி சொல்லச் சொன்னது.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கடிதம் வராது என்று சொல்லிக்கொண்டே நன்றாகத்தான் எழுதுகிறாய். இத்தனை வருடமும் உன்னை ஒரு வரிக்குள் அடைத்து வைத்தவன் அவன்தான்.

அவன் மாறவில்லை என்று நீ எழுதியதும் சிரித்துவிட்டேன். பிடுங்குகிறானா? பிடுங்கட்டும். ஆனாலும் எனக்குள் ஒன்று உறுத்துகிறது. செடி பிடுங்க நேரம் இருக்கிறவனுக்குப் பேனா பிடிக்க நேரம் இல்லையா? மனத்தாங்கல் இருந்தால் சொல்லச் சொல். அம்மா போன பிறகு எனக்கு வெளியே இருக்கிற சொந்தம் அவன் ஒருவன்தான். இங்கே எல்லாரும் அன்பானவர்கள். ஆனால் நான் ஏழு வயதில் மாமரத்திலிருந்து விழுந்ததை அறிந்தவர் இங்கே யாரும் இல்லை.

எங்கள் தோட்டத்தில் இப்போது நீலம் முடிகிற நேரம். பூ உதிர்ந்த தண்டுகளை நறுக்கிவிட்டேன். விதைக்கு விட்டால் அடுத்த வருடப் பூ குறைந்துபோகும்.

லீக்ஸைப் பற்றி நீ எழுதியதை மதரிடம் வாசித்துக் காட்டினேன். மதர் உன் பக்கம்தான்.

உங்கள் இருவரையும் ஆண்டவர் கையில் ஒப்படைக்கும்
மரியாயி


ரத்தோட்டை
24 ஆகஸ்ட் 2024

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். பதிலுக்கு இவ்வளவு நாள் எடுத்ததற்கு மன்னியுங்கள். வேலை கொஞ்சம் கூடிவிட்டது. ஜெராட் அடிக்கடி போனில் பேசுகிறான். இங்கே மழை முடிந்து இப்போது காற்றுதான். காயப்போட்ட துணியைப் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

உங்களிடம் ஒரு சந்தேகம். அகபாந்தஸின் அடி இலைகள் பழுத்துக்கொண்டு வருகின்றன. வியாதியா? வாளிகளுக்கு இடையில் நத்தைகள் குடியிருந்தன. காலையில் போய்ப் பொறுக்கிவிட்டேன். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றுகிறேன். சரியா, கூடுதலா? சுவரின் மேற்குப் பக்கத்து இரண்டு வாளிக்கும் வெயில் குறைவு என்று நகர்த்தி வைத்தேன். பாரம்தான். ஓட்டோ ஓட்டுகிற பாறூக் தம்பி வந்து ஒரு கை பிடித்தார்.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மாமரக் கதை வந்ததும் சிரித்தார்.

அவருக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை, அண்ணி. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

அன்புடன்
பிரசாந்தி


கந்தப்பளை
20 நவம்பர் 2024

பிரியமுள்ள பிரசாந்திக்கு,

நலம், நலமறிய ஆவல். நடுவில் சளி பிடித்துப் படுத்துவிட்டேன், இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

அடி இலை பழுப்பது வியாதி இல்லை. பழைய இலை போனால்தான் புதிது வரும், கையால் இழுத்தால் வந்துவிடும். மற்ற இலையை முறிக்காதே, பால் கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும். தண்ணீரைக் கிழமைக்கு இரண்டு முறையாகக் குறை. நத்தையைப் பொறுக்கியது நல்லது. லீக்ஸ்காரி நத்தை பொறுக்குகிறாள் என்று கேட்டு எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

ஒன்று கவனித்தேன். நான் கேட்காமலே நீ செடியைப் பற்றி எழுதுகிறாய், நான் கேட்டும் அவனைப் பற்றி எழுதுவதில்லை.

திருவருகைக் காலம் தொடங்கப் போகிறது, இனி ஆண்டவர் பிறக்கும் நத்தார் வரை என்னிடமிருந்து கடிதம் வராது. அதற்குள் ஒரே ஒரு வேண்டுகோள். நத்தாருக்கு அவன் கைப்பட "அக்கா" என்று ஒரு சொல் எழுதி அனுப்பச் சொல். வேறு ஒன்றும் வேண்டாம். நான் திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்.

காத்திருக்கும்
மரியாயி


ரத்தோட்டை
9 ஜனவரி 2025

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

புத்தாண்டு வாழ்த்துக்கள். நாங்கள் நலம். சளி முழுதாக விட்டுவிட்டதா?

நத்தார் பூசைக்குப் போனோம். நான் செய்த கேக்கில் ஒரு துண்டு இத்துடன் வருகிறது, சீனி குறைத்துத்தான் போட்டேன். அவரை எழுதச் சொன்னேன். பேனாவையும் கொடுத்தேன். சிரித்தார். அவ்வளவுதான்.

தயவுசெய்து நீங்கள் மன்னிப்புக் கேட்காதீர்கள். அதை வாசிக்க எனக்குத் தாங்கவில்லை.

அன்புடன்
பிரசாந்தி


ரத்தோட்டை
25 மே 2025

அன்புள்ள அண்ணி,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம். உயிர்ப்புத் திருநாளுக்கு வந்த உங்கள் கடிதத்தில் "தம்பியைக் கேட்டதாகச் சொல்" என்ற ஒரே வரிதான் இருந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டி, மடித்து பைபிளுக்குள் வைத்தேன். இப்போது எழுதச் செய்தி இருக்கிறது.

பூத்துவிட்டது, அண்ணி. ஆறு வாளியும் பூத்துவிட்டன.

சித்திரை மாதத் தொடக்கத்தில் இலைகளுக்கு நடுவே பச்சையாக ஒரு தண்டு தலையைத் தூக்கியது. நான் புல் என்று நினைத்துக் கிள்ளப் போனேன், நல்லவேளை கிள்ளவில்லை. நுனியில் மெழுகுதிரிச் சுடர் மாதிரி ஒரு மொட்டு. ஒரு காலையில் அதன் தோல் கிழிந்து, உள்ளே குட்டி மொட்டுகள் கூட்டமாக இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தன. நீலம் என்று நீங்கள் எழுதியபோது மாதா சேலையின் நீலம் என்று நினைத்திருந்தேன். இது வேறு. இதழின் நடுவே ஒரு கோடு கடும் நீலமாக ஓடுகிறது, ஓரம் வெளிறிக் கிடக்கிறது. மழைமூட்டம் இறங்கி எதிர்மலை மறைந்துபோன நேரத்திலும் சுவரில் அந்த நீலம் மட்டும் தெரிகிறது. ரிவர்ஸ்டன் காற்று என் வாழைமரத்தை முறித்துப் போட்டது. இந்தக் குட்டைகள் குனிந்துவிட்டு நிமிர்ந்துகொண்டன.

ரிவர்ஸ்டன் பார்க்கப் போகிறவர்கள் மேல் வளைவில் வான் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். ஒருவர் பூ விற்பீர்களா என்று கேட்டார். விரட்டிவிட்டேன். சமையலை அடுப்பில் வைத்துவிட்டு நான் போய் நின்று பார்க்கிறேன், இரண்டு முறை பருப்பு அடிப்பிடித்துவிட்டது. லீக்ஸ் என்று நான் எழுதியதை மதர் மறந்துவிட வேண்டும் என்று சொல்லுங்கள்.

கறிக்கு ஆகாத ஒன்றை இவ்வளவு தூரம் சுமந்து அனுப்பிய உங்கள் கைக்கு நன்றி. கதிரையைப் பின்வாசலில் போட்டு அவரையும் உட்கார வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

சந்தோஷத்துடன்
பிரசாந்தி


கந்தப்பளை
2 ஜூன் 2025

பிரசாந்தி,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதம் இன்று வந்தது. பூத்தது என்று வாசித்ததும் கை தட்டினேன். கை தட்டி முடிவதற்குள் உன் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

மாதாமாதம் பிடுங்கப்படுகிற அகபாந்தஸ் பூக்காது. ஒரு வாளி பூத்தால் அதிசயம் என்று விட்டுவிடலாம். ஆறும் பூக்காது. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த வாளிகளில் யாரும் கை வைக்கவில்லை. அவர் பிடுங்குகிறார் என்று நீ எழுதினாய். செடி இல்லை என்கிறது. நான் செடியைத்தான் நம்புகிறேன்.

என் தம்பி கோபத்தில் இருந்தால் அந்த ஆறையும் பிடுங்கி மேட்டுக்குக் கீழே எறிந்திருப்பான். மறந்திருந்தால் நினைவு வந்த நேரத்தில் பிடுங்கியிருப்பான். தொடாமல் இருக்க மட்டும் அவனுக்குத் தெரியாது. அவன் தொடவில்லை என்றால், அவனால் தொட முடியவில்லை.

அவனுக்கு என்ன? உயிரோடு இருக்கிறானா? அதை முதல் வரியில் எழுது.

மரியாயி


ரத்தோட்டை
8 ஜூன் 2025

அண்ணி,

உயிரோடு இருக்கிறார். நேற்று பிட்டும் மீன்குழம்பும் கேட்டுச் சாப்பிட்டார். கையைக் காட்டித்தான் கேட்டார்.

போன வருடம் தவக்காலத்து இரண்டாம் கிழமை. காலையில் பின்பக்கம் போனார். மூன்றாவது வாளிச் செடியைப் பிடுங்கி, வேரை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலிலிருந்து "அக்கா பாத்தா வெட்டிப் போட்டுருவாங்க" என்று சத்தம் போட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். பாறூக் தம்பிதான் ஓட்டோவில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. போகிற வழியெல்லாம் செடி அவர் இடது கையிலேயே இருந்தது, விரலை ஒவ்வொன்றாக விரித்துத்தான் எடுத்தார்கள். யாரோ அதை என் பையில் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைத் திரும்ப வாளியில் நட்டேன். அப்போது எனக்குச் செடிமேல் அக்கறை கிடையாது. அவர் பாதியில் விட்ட வேலை என்று நட்டேன்.

வீட்டுக்கு வந்த அன்றே சுவரில் இருக்கும் உங்கள் படத்தை இடது கையால் காட்டினார். பிறகு தன் வாயைக் காட்டித் தலையை ஆட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. ஜெராட் குழந்தையாக இருந்தபோது டெங்கு வந்து கிடந்தான், நீங்கள் அன்னம் தண்ணீர் இல்லாமல் ஜெபித்துக் கோயிலிலேயே மயங்கி விழுந்து சேலைன் ஏற்றினார்கள். இப்போது உங்களுக்குச் சர்க்கரை வேறு. அக்காவுக்குச் சொன்னால் அக்கா சாப்பிடமாட்டாள் என்று அவருக்குப் பயம். என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். நானும் சத்தியம் செய்தேன். பெக்டரி வேலை, செடி பிடுங்கியது எல்லாம் நான் சொன்ன பொய். அவர் முன்பு இருந்த மாதிரியே எழுதினால் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள் என்று நினைத்தேன். எழுதும்போது எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. பூத்த சந்தோஷத்தில் என் பொய் எனக்கே மறந்துபோனது.

இப்போது பரவாயில்லை, அண்ணி. கோலூன்றி முற்றம் வரை நடக்கிறார். கைப்பயிற்சிக்கு கிளினிக்கில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். தூக்கிப் போட்டுவிட்டார். பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. வேலியோரத் தேயிலையில் ஒரு பிடி கொழுந்து கிள்ளி, வாடவிட்டு, அந்த வலது கைக்குள் வைத்தேன். கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுண்டுவிரல் மடங்கியது. அதிலிருந்து தினமும் காலையில் கொழுந்துதான். இப்போது பாதி பிசைகிறார், பிறகு முகரப் பார்க்கிறார்.

சத்தியத்தை மீறிவிட்டேன். அதனால் உங்களுக்கு ஒரு கண்டிஷன். நீங்கள் ஒரு வேளை சாப்பாட்டை விட்டால் அன்று இங்கே அடுப்பு எரியாது. அவரும் பட்டினி, நானும் பட்டினி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிரசாந்தி


கந்தப்பளை
18 ஜூன் 2025

என் கண்மணி பிரசாந்திக்கு,

ஆண்டவர் உன் கையைப் பிடித்திருக்கட்டும்.

முதலில் உன் கண்டிஷனுக்குப் பதில். கடிதம் வந்த அன்று மத்தியானம் சோறு, பருப்பு, போஞ்சிக்கறி. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், ஆனால் தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. மதர் சாட்சி. இரவுக்குக் கஞ்சியும் குடித்தேன். பட்டினி கிடப்பது எனக்கு லேசு, பிரசாந்தி. சாப்பிட்டுக்கொண்டு ஜெபிப்பதுதான் கஷ்டம். எனக்கு எது கஷ்டம் என்று பார்த்து அதையே கேட்டிருக்கிறாய்.

உன்மேல் கோபம் வந்தது உண்மை. அது ஒரு ஜெபமாலை முடியும் வரைகூட நிற்கவில்லை. உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்து மறுபடி வாசித்தேன். "வேலை கொஞ்சம் கூடிவிட்டது" என்று ஒரு வரி. ஒரு பெரிய மனிதனைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, நடக்கப் பழக்கிய வேலைக்கு நீ வைத்த பெயர் அது. அதற்கு நடுவில் என் முழங்காலுக்கு எண்ணெய் சொல்லியிருக்கிறாய், என் கேக்கில் சீனி குறைத்திருக்கிறாய், நத்தை பொறுக்கியிருக்கிறாய். நான் இங்கே கதவை அடைத்துக்கொண்டு பெரிய தவம் செய்வதாக நினைத்திருந்தேன். உன் தவத்தைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மதர் டெலிபோனை எடுத்து என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். பேச்சு வராதவன் காதில் போனை வைத்தால் அவனுக்குத்தான் கஷ்டம். கடிதத்துக்கு அவன் சிரித்தால் போதும். "சிரித்தார்" என்று நீ எழுதியதெல்லாம் அவன் எனக்கு எழுதிய பதில்தான் என்று இப்போது புரிகிறது.

கொழுந்து வைத்தாயே, அது எந்த டாக்டருக்குத் தோன்றும்? உன்னைவிட அவனை அறிந்தவள் நான் என்று இத்தனை நாளும் ஒரு கர்வம் எனக்கு இருந்தது. அதை இன்றோடு உன்னிடம் ஒப்படைத்துவிட்டேன்.

இன்னொன்று. கோயிலில் நின்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி அவனைத் திட்ட மாட்டேன். செடி விஷயத்தில்கூட.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
அக்கா மரியாயி


ரத்தோட்டை
19 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அண்ணி என்று எழுதக் கை வரவில்லை, இனி அக்காதான். நீங்கள் நலமாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நான் சுகம். அவர் சுகத்தைத்தான் எழுதப் போகிறேன்.

பூவெல்லாம் முடிந்து, நீங்கள் சொன்னபடி தண்டுகளை நறுக்கிவிட்டேன். வாளிகளில் வேர் விளிம்பு வரை வந்து பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. அடுத்த வருடம் இரண்டு மடங்கு பூக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வாளிப் பக்கம் கோழி வந்தாலும் விரட்டுவேன்.

நேற்றுக் காலை பின்பக்கம் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கோல் ஊன்றும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் தனியாகச் சுவர் வரை வந்திருந்தார். கோலைச் சாய்த்து வைத்தார். வயிற்றைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டார். மூன்றாவது வாளியை இடது கையால் அணைத்துப் பிடித்தார். வலது கையை இலைக்குள் விட்டார்.

சத்தம் போட வாய் திறந்தேன். ஒரு வருடத்துக்கும் மேலாக நான் பார்த்துப் பார்த்து வளர்த்த செடி, அக்கா. அந்தச் செடியில்தான் முதல் பூ வந்தது. ஆனால் அந்தக் கை மூடுகிறது. ரப்பர் பந்துக்கு மூடாத கை, கொழுந்துக்குப் பாதி மூடிய கை, அடித்தண்டைப் பிடித்து முழுதாக மூடுகிறது. நான் விரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இழுத்தார். வரவில்லை. வேர் அப்படி இறுகிக் கிடந்தது. மறுபடி இழுத்தார், முகமெல்லாம் வேர்த்தது. மூன்றாம் இழுப்பில் வாளியே கவிழ்ந்து மண்கட்டியோடு வெளியே வந்துவிட்டது. அதைச் சுவரில் தட்டி மண்ணை உதறினார். வேரை முகத்துக்கு நேரே தூக்கினார். முகர்ந்தார். அன்று பாதியில் விட்டதை முடித்தார்.

பிறகு நான் ஒளிந்திருக்கிற விரிப்பைப் பார்த்துச் சொன்னார், "வேரு... நல்லாருக்கு."

இத்தனை மாதமாக "ம்" என்பதைத் தவிர ஒரு சொல் வராத வாய். நான் விரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். துவைத்த விரிப்பை மறுபடி துவைக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த வாளி அடுத்த வருடம் பூக்காது. அக்கா, எனக்கு அது பூக்கவே வேண்டாம். இன்று காலை நான்காவது வாளியையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் தங்கை
பிரசாந்தி


கந்தப்பளை
10 நவம்பர் 2025

அடேய் தம்பி ராஜநாயகம்,

சுகமாக இருக்கிறாய் என்று தெரியும். சுகமாக இருப்பதால்தானே பூக்க இருந்த செடியைப் பிடுங்கியிருக்கிறாய்.

உன்னைத் திட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பிரசாந்தியின் கடிதத்தை மதரிடம் காட்டி, இந்த ஒரு முறைக்கு அனுமதி கேட்டேன். மதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா திட்டுங்க சிஸ்டர்" என்றார். ஆகவே கேள். செடியைக் கொல்கிறவனே. உருப்படாதவனே. இறுகிப் பிடித்த வேரை இழுக்க உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம். உன்னைப்போல ஒரு தோட்டக்காரனை நான் எங்கும் கண்டதில்லை. திட்டி முடித்தேன். எவ்வளவு காலமாயிற்று, என் தொண்டைக்கே சுகமாக இருக்கிறது.

இத்துடன் எட்டுக் கிழங்கு வருகிறது. சிவப்பு நூல் கட்டிய நான்கும் பிரசாந்தியுடையவை. அவற்றை அவள் முன்வாசலில் நட்டுக்கொள்வாள். அதில் நீ கை வைத்தால் மதரிடம் மறுபடி அனுமதி கேட்பேன். மற்ற நான்கும் உனக்கு. நடு. பிடுங்கு. வேர் பார். திரும்ப நட்டு, மறுநாள் மறுபடி பிடுங்கு. அவை பூக்காமல் இருக்கட்டும் என்று தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். அவை தீர்ந்துபோனால் சொல், இங்கே மேடு முழுக்க இருக்கிறது.

திருவருகைக் காலம் தொடங்குவதற்குள் உன் பதில் எனக்கு வேண்டும். எழுத வேண்டாம். உன் கிழங்கில் ஒன்றைப் பிடுங்கி, ஒரு வேரைக் கிள்ளி, உறைக்குள் போட்டு அனுப்பு. நான் வாசித்துக்கொள்கிறேன்.

மூன்று வேளையும் சாப்பிடுகிற
உன் அக்கா மரியாயி